சின்ன இன்ஜினா, பெரிய இன்ஜினா? வட தாய்லாந்து மலைச் சாலைகளில்

தலாத் தாய் சந்தை

பாங்காக்கின் வடக்கு விளிம்பில், பதும் தானி மாகாணத்தில் இருக்கிறது தலாத் தாய் மொத்தச் சந்தை. விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போதே உள்ளே நடக்க இடமில்லை. எலுமிச்சைப் புல் கட்டுகள், பச்சை மிளகாய் மூட்டைகள், பனிக்கட்டியில் புதைத்த மீன், வெளி இலை வாடாத முட்டைக்கோஸ் என்று சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. சுமந்து வருகிறவற்றில் பெரும்பாலானவை பிக்கப் வண்டிகள். பின்தொட்டியைச் சுற்றி இரும்புக் கிராதி அடித்து, ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேல் இன்னும் ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள்.

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். உருளைக்கிழங்கு மண்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவன். ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கேரட்டும் கிழங்கும் ஏற்றி இறங்கும் லோடு வண்டிகளைச் சத்தத்தை வைத்தே எங்கள் ஊரில் அடையாளம் சொல்வார்கள். சிறு வியாபாரி 702 சி.சி. டாடா ஏஸ் ‘குட்டி யானை’யில் தொடங்குவார். கை கொஞ்சம் ஓங்கினால் 1,478 சி.சி. அசோக் லேலண்ட் தோஸ்த். அதற்கும் மேலே 2,523 சி.சி. பொலேரோ பிக்கப். பெரிய இன்ஜின் வேண்டுமென்றால் வண்டியையே மாற்ற வேண்டும். தாய்லாந்தில் வழக்கம் வேறு. அதே வண்டி, அதே தொட்டி, அதே ஒரு டன் சுமை. உள்ளே எந்த இன்ஜின் இருக்க வேண்டும் என்பதை மட்டும் வாங்குகிறவர் முடிவு செய்கிறார்.

இசுசூ டி-மேக்ஸை எடுத்துக்கொண்டால், 2015 கடைசியிலிருந்து பல ஆண்டுகள் அங்கே இரண்டு டீசல் இன்ஜின்கள் பக்கத்துப் பக்கத்தில் விற்றன. 1.9 லிட்டர் இன்ஜினுக்கு 150 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் இழுவிசை. 3.0 லிட்டர் இன்ஜினுக்கு, 2019-இல் வந்த புதிய தலைமுறையில், 190 குதிரைத்திறன், 450 நியூட்டன் மீட்டர். டொயோட்டா ஹைலக்ஸில் 2.4, 2.8 என்று இரண்டு. 2.4-க்கு 150 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டரும். 2020-க்குப் பிந்தைய 2.8-க்கு 204-உம் 500-உம். பிக்கப் வண்டிக்கு அந்த நாட்டில் கலால் வரி குறைவு. ஆனால் 3,250 சி.சி.யைத் தாண்டினால் வரி பல மடங்காகிவிடும். இன்ஜின்கள் எல்லாம் மூன்று லிட்டர் பக்கத்தில் வந்து நின்றுவிடுவதற்கு அது பெரிய காரணம்.

சந்தையில் கோஸ் மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அக்காவிடம் பேசினோம். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். என்னோடு வந்த நண்பன் பொள்ளாச்சிக்காரன். ரயோங்கில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளர் வேலை, தாய் மொழி சரளம். அவன்தான் எனக்குச் சொல்லிச் சொல்லி வந்தான். அக்காவிடம் இரண்டு பிக்கப். வடக்கே மலையிலிருந்து கோஸ் ஏற்றி வருவது 3.0. இங்கிருந்து நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போட்டுவருவது 1.9.

“ரெண்டையும் மாத்தி ஓட்டிப் பார்த்தாச்சு. சின்னதை மலைக்கு அனுப்பினா பிரேக்கும் கிளட்சும் செலவு வைக்குது. பெருசை ஊருக்குள்ள விட்டா டீசல் வீணாகுது” என்றார். சுட்ட பன்றி இறைச்சிக் குச்சிகளையும் கைப்பிடி ஒட்டுச் சோற்றையும் வாழையிலையில் வைத்து எங்களிடம் நீட்டிவிட்டு, “வடக்க போறீங்கல்ல, இறக்கத்துல கவனிங்க” என்று சேர்த்துக்கொண்டார். பெரிய இன்ஜினின் பெருமை ஏற்றத்தில்தான் என்று எண்ணியிருந்த எனக்கு அந்தச் சொல் புதிது. சியாங் மாய் வரையிலும், அதற்கு அப்பால் மலைக்குள்ளும், அதைச் சோதித்துக்கொண்டே போனோம்.

நகோன் சவான்

வடக்கு நோக்கிப் போகும் சாலை சமவெளியில் நேராக நீள்கிறது. இரண்டு பக்கமும் வயல், நீர் நிறைந்த வாய்க்கால், தாமரைக் குளம். பிங் ஆறும் நான் ஆறும் கூடி சாவ் பிரயாவாகப் பெயர் மாறும் ஊர் நகோன் சவான். அறுவடை முடிந்த வயல்களில் நாரை மேய்ந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் போன நினைவு வராமல் இருக்காது. மேட்டுப்பாளையத்தில் நின்றால் எந்தத் திசையிலாவது மலை மறிக்கும். இங்கே கண்ணுக்கெட்டிய வரை மறிப்பு ஒன்றுமில்லை.

நண்பனின் வண்டி நான்கு கதவு வைத்த 1.9. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் சுற்றுமானி இரண்டாயிரத்தைத் தொடவில்லை. இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. இந்தச் சமவெளியில் 3.0 எதற்கு என்று கேட்டேன். அவன் வருடாந்தர வரிக் கணக்கைச் சொன்னான்.

“மாப்ள, ரெண்டு கதவு பிக்கப்புன்னா நம்பர் பலகையில எழுத்து பச்சை. வண்டி எடையைப் பார்த்து வரி. நாலு கதவுன்னா கார் மாதிரி கறுப்பு எழுத்து, சி.சி.யைப் பார்த்து வரி. முதல் 600 சி.சி.க்கு அரை பாத், 1,800 வரைக்கும் ஒன்றரை பாத், அதுக்கு மேல சி.சி.க்கு நாலு பாத்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,898 சி.சி. இன்ஜினுக்கு ஆண்டுக்கு 2,492 பாத். 2,999 சி.சி. இன்ஜினுக்கு 6,896 பாத். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு. இதோடு டீசலும் சேரும், 3.0 ஓட்டுகிறவர்கள் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறைகிறது என்றுதான் வழியெல்லாம் சொன்னார்கள். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போய்வருகிறவர் 1.9 வாங்குவதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது.

ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். விரால் மீனை முழுசாகப் பொரித்து, மேலே மாங்காய்த் துருவலும் மிளகாயும் போட்டுக் கொடுத்தார்கள். அதே தெருவில் ஒரு நடமாடும் மளிகைக் கடை வந்து நின்றது. பிக்கப்பின் தொட்டி முழுக்கச் சட்டம் அடித்து, கீரை, மிளகாய், மீன், அரைத்த மசாலா எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பாலிதீன் பைகளில் கட்டிக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு. வீட்டு வாசல்களில் பாட்டிமார் காத்து நின்றார்கள். கடைக்காரத் தம்பி ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, அவரவருக்கு வேண்டியதைக் கேட்காமலே பிரித்துக் கொடுத்தார்.

அவருடைய வண்டி ஹைலக்ஸ் சாம்ப். 2023 நவம்பரில் 459,000 பாத் ஆரம்ப விலையில் டொயோட்டா இறக்கிய எளிய பிக்கப் அது. அதில் மூன்று இன்ஜின் கிடைக்கும்: 2.0 பெட்ரோல், 2.7 பெட்ரோல், 2.4 டீசல். இவர் எடுத்தது ஆகச் சின்னதான 2.0 பெட்ரோல். இழுவிசை 183 நியூட்டன் மீட்டர்தான்; 2.4 டீசலில் பாதியளவு. குறைவாக இல்லையா என்று கேட்டோம். காலையில் சந்தையிலிருந்து கிளம்பும்போது மட்டும்தான் தொட்டி நிறைந்திருக்கிறது, அப்புறம் ஐம்பது மீட்டருக்கு ஒரு தரம் நிறுத்தம், மதியத்துக்குள் சரக்கு தீர்ந்துவிடுகிறது என்றார். டீசல் இன்ஜினுக்குக் கொடுக்க வேண்டிய கூடுதல் பணத்தில் குளிர்ப்பெட்டி வைத்துக்கொண்டாராம். தன் தொழிலை அளந்து இன்ஜின் எடுத்திருக்கிறார்.

குன் தான் கணவாய்

லம்பாங் தாண்டியதும் நிலம் மடிப்பு மடிப்பாக எழும்பத் தொடங்குகிறது. லம்பாங்குக்கும் லம்பூனுக்கும் நடுவே குன் தான் மலை. ரயில் பாதை இதைக் குடைந்துகொண்டு போகிறது; 1,352 மீட்டர் நீளமான அந்தச் சுரங்கம் 1918-இல் முடிந்தது. நெடுஞ்சாலை மலையின் தோள் மீது ஏறி இறங்குகிறது. உச்சியில் குன் தான் சாமி கோவில். கடந்து போகும் ஓட்டுநர்கள் ஒலிப்பானை அடித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம் ஊர் மலையடிவாரங்களில் கருப்பசாமிக்கும் முனியப்பனுக்கும் சூடம் காட்டிவிட்டு ஏறும் ஓட்டுநர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த வணக்கம் அந்நியமாகத் தெரியவில்லை.

பயணத்தின் முதல் ஏற்றம் இது. நான்கு வழிச் சாலை, அகலமான வளைவுகள். 1.9 ஒரு கியர் குறைத்துக்கொண்டு சிரமமில்லாமல் ஏறியது. சுமை இல்லாத வண்டிக்கு, வேகம் குறையாமல் ஏறக்கூடிய சாலையில், சின்ன இன்ஜின் போதும் என்பது அங்கேயே உறுதியானது.

சியாங் மாய்

பழைய நகரத்தைச் சுற்றி அகழி. அகழியைச் சுற்றி நாள் முழுக்கச் சிவப்புப் பிக்கப்புகள். பின்தொட்டிக்குக் கூரை போட்டு, இரண்டு பக்கமும் நீள இருக்கை வைத்த இந்தச் சோங்தேவ் வண்டிகள்தான் சியாங் மாயின் ஷேர் ஆட்டோ. கையைக் காட்டினால் நிற்கும். போகும் திசை ஒத்து வந்தால் ஏறிக்கொள்ளலாம்.

வெயில் ஏறும் நேரத்தில் காவ் சோய் சாப்பிட்டோம். தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே அதையே மொறுமொறுப்பாகப் பொரித்துத் தூவியது, தொட்டுக்கொள்ள ஊறவைத்த கடுகுக் கீரை, சின்ன வெங்காயம், எலுமிச்சை. யுன்னான் முஸ்லிம் வணிகர்கள் வழியாக வந்து சேர்ந்த உணவு என்பார்கள். மஞ்சளும் மல்லியும் மணக்கும் அந்தக் குழம்பில் நம் நாக்குக்குப் பழக்கமான ஏதோ ஒன்று உண்டு.

சோங்தேவ் ஓட்டுநர் ஒருவர் எங்களைத் தன் வண்டியைப் பழுது பார்க்கும் பட்டறைக்குக் கூட்டிப்போனார். மூங்கில் தட்டி மறைப்பு, எண்ணெய் ஊறிய தரை, சுவரில் மன்னர் படம். மேசை மேல் கழற்றி வைத்த பிஸ்டன்கள் கிடந்தன. நாங்கள் எதற்காக வடக்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்ட மூத்த மெக்கானிக், இரண்டு பிஸ்டன்களைத் துணியால் துடைத்து என் இரு கைகளிலும் வைத்தார்.

இடது கையில் 1.9-இன் பிஸ்டன், குறுக்களவு 80 மில்லிமீட்டர். வலது கையில் 3.0-இன் பிஸ்டன், 95.4 மில்லிமீட்டர். கண்ணால் பார்க்கும்போது வித்தியாசம் ஒரு விரல் அகலம்தான். கையில் எடை தெரிகிறது. சின்னதில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 94.4 மில்லிமீட்டர், பெரியதில் 104.9. சின்ன பிஸ்டனின் தலையில் கிண்ணம் போன்ற பள்ளம். அதன் விளிம்பில் கரி படிந்து ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. அந்த வெளுப்பை விரலால் காட்டி, “ரொம்ப நாள் அளவுக்கு மேல சூடானது” என்றார் மெக்கானிக். அந்த வண்டி மலை கிராமத்துக்குக் கட்டுமானச் சாமான் ஏற்றிப் போய்க்கொண்டிருந்ததாம்.

பிறகு நண்பன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டான். 350 நியூட்டன் மீட்டரை 1.9 லிட்டரால் வகுத்தால், லிட்டருக்குச் சுமார் 184. 450-ஐ மூன்றால் வகுத்தால் 150. அதாவது சின்ன இன்ஜின் தன் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் கூடுதலாகப் பிழிந்துதான் அந்த வேலையைச் செய்கிறது. பிழிகிறது டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் எரிகிற டீசலும் கூடும். டர்போ சுழன்று அழுத்தம் ஏறும் வரை, இன்ஜினின் சொந்தக் கொள்ளளவு மட்டும்தான் கைகொடுக்கும். அந்த ஒரு நொடியில் பெரிய இன்ஜினுக்குத்தான் பலம்.

சின்ன இன்ஜினை மெக்கானிக் குறை சொல்லவில்லை. “எண்ணெயை நேரத்துக்கு மாத்துறவங்க வண்டி ரெண்டுமே பல லட்சம் கிலோமீட்டர் ஓடுது. மாத்தாதவங்க வண்டியில சின்னதுதான் முதல்ல வருது” என்றார். நீண்ட ஏற்றம் ஏறி முடித்ததும் உடனே சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது, டர்போ ஆற நேரம் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாடிக்கையாளர்களுக்குத் தவறாமல் சொல்லும் அறிவுரை.

உலகமே சின்ன இன்ஜின் பக்கம் நகர்கிறது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஃபோர்டு ரேஞ்சரில் ஐந்து சிலிண்டர் 3.2 லிட்டர் இருந்த இடத்துக்கு 2018-இல் இரட்டை டர்போ வைத்த 2.0 லிட்டர் வந்தது. இழுவிசை 470-இலிருந்து 500 ஆகக் கூடியது. இசுசூவோ 2024 கடைசியில் ஓர் அடி திரும்பி வந்து, 1.9-ஐ எடுத்துவிட்டு 2.2 லிட்டர் வைத்தது: 163 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர், எட்டு கியர் தானியங்கி. சிறிதாக்குவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, ஒரு டன் சுமக்கிற வண்டியில் அந்த எல்லை இரண்டு லிட்டர் பக்கத்தில் வருகிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பாய், மே ஹோங் சோன்

சியாங் மாயிலிருந்து மே ஹோங் சோன் வரை 1,864 வளைவுகள் என்று கடைகளில் தொங்கும் டி-சர்ட்டுகளில் அச்சடித்திருக்கிறார்கள். பாய் வரைக்குமே 762. இந்த 1095-ஆம் சாலையின் தொடக்கம் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் பர்மா பக்கம் வழி திறக்க முயன்ற காலத்தில் இருக்கிறது. பாய் ஊருக்கு முன்னால் ஆற்றின் மேல் நிற்கும் பழைய இரும்புப் பாலத்தை அந்த நினைவுக்காக வைத்திருக்கிறார்கள்.

தேக்கும் மூங்கிலும் மூடிய மலை. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70-உம் எனக்குப் பழக்கம். இங்கே சாலை நம் மலைச் சாலைகளைவிட அகலம், தார் ஒழுங்கு. ஆனால் சரிவு கடுமை. நம் மலைப் பாதைகள் வளைந்து வளைந்து உயரத்தைப் பகிர்ந்து ஏறும். இங்கே பல இடங்களில் சாலை நேரே மலை மேல் ஏறிவிடுகிறது.

கொண்டை ஊசி வளைவுகளில்தான் பட்டறையில் கேட்டது விளங்கியது. வளைவில் வேகம் முழுக்க விழுகிறது; சுற்று 1,200-க்கு இறங்குகிறது. 1.9-இன் முழு இழுவிசை 1,800 சுற்றில்தான் கிடைக்கிறது. இடையில் ஒரு மூச்சு நேரம் வண்டி தயங்குகிறது, பிறகு டர்போ பிடித்துக்கொண்டதும் துள்ளி ஏறுகிறது. 3.0-க்கும் ஹைலக்ஸின் 2.8-க்கும் அது 1,600 சுற்றிலேயே கிடைத்துவிடும். எங்கள் வண்டியில் ஆட்களும் பைகளும் மட்டும். அதனால் தயக்கம் தொந்தரவாகவில்லை. எங்களுக்கு முன்னால் சிமென்ட் மூட்டை ஏற்றிப்போன சின்ன இன்ஜின் வண்டி ஒன்று ஒவ்வொரு வளைவிலும் ஒன்றாம் கியருக்கு வந்து, கரும்புகை விட்டு, கிளட்சை உரசிக் கிளம்பியது. ஓட்டுநர் ஜன்னல் வழியே கையை நீட்டி எங்களுக்கு வழிவிட்டார்.

பாய் பள்ளத்தாக்கில் நெல் அறுத்த வயலில் வைக்கோல் பரப்பிப் பூண்டு நட்டிருந்தார்கள். பச்சைத் தாள் ஒரு சாண் உயரம். அதற்கு அப்பால் மே ஹோங் சோனில் ஷான் மக்களின் வாழ்க்கை. ஏரிக்கரையில் வாட் சோங் காம், வாட் சோங் கிளாங் என்று இரட்டைக் கோவில்கள். பர்மியச் சாயலில் அடுக்கடுக்கான கூரைகள். காலைச் சந்தையில் கடலை மாவில் கிண்டிய இளஞ்சூடான டோஃபுவை நூடுல்ஸ் மேல் ஊற்றிக் கொடுத்தார் ஒரு பாட்டி. பூண்டு எண்ணெயும் எள்ளும் மேலே. குளிரில் அதைவிட நல்ல காலை உணவு வேறில்லை.

அங்கே ஹைலக்ஸ் 2.4 வைத்திருந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். எல்லைப் பக்கத்துத் தேயிலைக் கிராமமான பான் ராக் தாய்க்கு ஆட்களையும் சாமானையும் கொண்டுபோகிறவர். 2.4-க்கும் 2.8-க்கும் பிஸ்டன் அகலம் ஒன்றேதான், 92 மில்லிமீட்டர். பிஸ்டன் போய்வரும் தூரம் மட்டும் 90-இலிருந்து 103.6 ஆகக் கூடுகிறது. நடுவாந்தரமான இந்த 2.4 தன் வேலைக்குச் சரியான அளவு என்பது அவர் முடிவு. பாதி லோடும் நாலைந்து ஆட்களுமாக நாள் தவறாமல் மலை ஏறுகிறவர் சொன்னதை நான் மதித்துக் குறித்துக்கொண்டேன்.

மே சேம், டோய் இந்தனோன்

குன் யுவாமிலிருந்து கிழக்கே திரும்பும் 1263-ஆம் சாலை மலை முகடுகள் மீதே ஓடி மே சேம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. நெசவுக்குப் பேர்போன ஊர். பெண்கள் பாவாடையின் கீழ் விளிம்பில் நுணுக்கமான வேலைப்பாடு நெய்கிறார்கள். சரிவுகளில் மக்காச்சோளமும் கோஸும். இங்கே ஒரு கரென் விவசாயக் குடும்பம் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தது. வண்டி, இரண்டு கதவு டி-மேக்ஸ் 3.0. கணவர் தொட்டியில் நின்று அடுக்க, மனைவி கீழிருந்து ஒவ்வொன்றாக எறிந்தார். வெளி இலையோடு அடுக்கியதால் காய் அடிபடாது. நண்பன் தன் வண்டியில் பின்தொடர, நான் அவர்களுடைய ஓட்டுநர் அறைக்குள் ஒண்டிக்கொண்டேன்.

மே சேமிலிருந்து தாய்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான டோய் இந்தனோன் பக்கம் ஏறும் 1192-ஆம் சாலை ஒடுக்கம், கடுஞ்செங்குத்து. 2,565 மீட்டர் சிகரம் அது. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவைவிட 72 மீட்டர்தான் குறைவு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். 3.0 இரண்டாம் கியரில், சுற்று 2,000 பக்கம் நிலையாக நிற்க, பேச்சை நிறுத்தாமல் ஏறியது. வளைவில் வேகம் விழுந்தாலும் கிளட்சைத் தொடவேண்டியிருக்கவில்லை. முட்டைக்கோஸ் விலை எப்படி வாரத்துக்கு வாரம் ஏறி விழுகிறது, மகள் சியாங் மாயில் என்ன படிக்கிறாள் என்றெல்லாம் அந்த அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கொஞ்சம் புரிந்தது. மீதியைக் கை சொன்னது.

உச்சிச் சாலையைத் தொட்டு, சோம் தோங் நோக்கி இறங்கத் தொடங்கியதும் பேச்சு நின்றது. ஓட்டுநர் இரண்டாம் கியரிலேயே விட்டார். கால் பிரேக்கின் மேல் இல்லை. இன்ஜின் சத்தம் ஏறி, வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் வேகம் கட்டுக்குள் நின்றது. வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கைத் தொட்டு விட்டார். ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. கொள்ளளவு பெரிதென்றால் ஒவ்வொரு சுற்றிலும் அமுக்க வேண்டிய காற்றும், உராய்வும் கூடுதல், பிடியும் கூடுதல். இந்த வேலைக்கு டர்போ துணைக்கு வராது. குதிரைத்திறன் எண்ணிலும் இது தெரியாது. தலாத் தாயில் அந்த அக்கா கவனிக்கச் சொன்னது இதைத்தான்.

வழியில் சாலையோரம் ஒரு சின்ன இன்ஜின் பிக்கப் நின்றிருந்தது. தொட்டி நிறையப் பூசணி. முன்சக்கரத்திலிருந்து புகை, கரிந்த நாற்றம். ஓட்டுநர் இளைஞர், முகம் வெளுத்திருந்தது. நான்காம் கியரில் இறங்கி, பிரேக்கை மட்டுமே நம்பியிருக்கிறார். எங்கள் வண்டிக்காரர் இறங்கிப் போய், சூடான சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று தடுத்து, ஆறும் வரை உடன் இருந்தார். பிறகு இரண்டாம் கியரில், தன் பின்னாலேயே மெதுவாக இறங்கி வரச் சொன்னார். அந்தப் பையன் சோம் தோங் வரை எங்கள் பின்னாலேயே பத்திரமாக வந்து சேர்ந்தார். சின்ன இன்ஜினிலும் மலை இறங்கலாம். கியர் சரியாக இருக்க வேண்டும், சுமை அளவாக இருக்க வேண்டும். பெரிய இன்ஜின் ஓட்டுநரின் தவறுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சோம் தோங்கிலிருந்து நம் ஊருக்கு

சோம் தோங்கில் கோஸ் வண்டியிடம் விடைபெற்றபோது என் மனதில் ஒரு தீர்ப்பு உருவாகியிருந்தது. சமவெளி, குடும்பம், பாதி லோடு என்றால் சின்ன இன்ஜின் எடுங்கள். வரியிலும் டீசலிலும் மிச்சம். முழு லோடோடு வாரம் பலமுறை செங்குத்து மலை ஏறி இறங்குகிறவர் பெரியதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது. நடுவில் இருப்பவருக்கு 2.2-உம் 2.4-உம் இருக்கின்றன.

நம் பக்கம் இந்தத் தேர்வு இன்னும் முழுதாக வரவில்லை. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீ சிட்டியில் இசுசூ ஆலை 2016-இலிருந்து ஓடுகிறது. அங்கே வி-கிராஸில் வருவது 1.9 லிட்டர், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். லோடு ஏற்றும் எஸ்-கேப் வண்டியில் வந்ததோ 2.5 லிட்டர், 78 குதிரைத்திறன், 176 நியூட்டன் மீட்டர். கொள்ளளவில் பெரியது, இழுவிசையில் பாதி. சி.சி. எண்ணை மட்டும் பார்த்து வண்டியை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. 3.0 இங்கே விற்பனையில் இல்லை. 2022-இல் இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸில் 2.8 மட்டும்தான், அதன் விலை கேரட் விவசாயியின் கைக்கு எட்டாது.

அதனால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கொல்லிமலையிலும் லோடு அடிக்கும் அண்ணன் தம்பிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வண்டி வாங்கும்போது குதிரைத்திறன் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். முழு இழுவிசை எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று கேளுங்கள். உங்கள் மலையில், உங்கள் லோடோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஏறுவதை மட்டும் பார்க்காமல், இரண்டாம் கியரில் இறங்கும்போது வண்டி எவ்வளவு பிடித்து நிற்கிறது என்று பாருங்கள். கையில் இருப்பது சின்ன இன்ஜின் என்றால் அனுமதித்த எடைக்கு மேல் ஒரு மூட்டைகூட ஏற்றாதீர்கள், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஊர் ஊராக ஓட்டுநர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. மலை இறங்கும் ஒவ்வொரு வண்டியும் பத்திரமாக மண்டி வந்து சேர வேண்டும்.